மோகனாங்கி தந்த திருகோணமலை நாவலாசிரியர்

திருகோணமலை என்றதும் அதன் இயற்கைத் துறைமுகமும், கோணேசர் ஆலயமும், கன்னியா வெந்நீரூற்றுகளும் எவருக்கும் நினைவில் எழும். தமிழ் நாவலின் வரலாற்றில் இந்நகருக்குள்ள இடத்தை அறிந்தோர் சிலரே. தமிழின் முதல் வரலாற்று நாவல் என ஆய்வாளர்களால் கொள்ளப்படும் 'மோகனாங்கி'யை எழுதியவர் இம்மண்ணில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை ஆவார். அந்நூல் 1895 ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. பாடநூல்களிலும் பரீட்சை வினாத்தாள்களிலும் ஒரு பெயராக மட்டும் வாழ்ந்து வரும் இந்த எழுத்தாளரின் வாழ்வையும் பணியையும் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

மூன்று நாவல்கள், மூன்று சமயத்தவர்

வேதநாயகம்பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879 இல் வெளியானது. தமிழில் நாவல் என்னும் வடிவம் அதனுடன் தொடங்கியது. இலங்கையில் அவ்வடிவம் வேரூன்ற நெடுங்காலம் செல்லவில்லை. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணியும், 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையின் ஆசிரியரும், முஸ்லிம்களின் கல்வி மறுமலர்ச்சிக்கு வித்திட்டவருமான அறிஞர் சித்தி லெப்பை, 1885 இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் அதுவே. அடுத்து 1891 இல் திருகோணமலையைச் சேர்ந்த கிறிஸ்தவரான எஸ். இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை எழுதினார். மூன்றாவதாக வந்தது 'மோகனாங்கி'.

முதல் மூன்று நாவல்களுள் இரண்டு திருகோணமலையாருடையவை என்பது இந்நகருக்குப் பெருமை. அம்மூன்றையும் ஓர் இஸ்லாமியரும், ஒரு கிறிஸ்தவரும், ஒரு சைவரும் எழுதினர் என்பது இந்நாட்டில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட அனைவருக்கும் பெருமை. ஈழத்துத் தமிழ் நாவல் பிறக்கும்போதே பொதுச்சொத்தாகப் பிறந்தது எனலாம்.

கற்றோர் குடும்பம்

சரவணமுத்துப்பிள்ளை 1865 இல் பிறந்தார். அவருடைய தமையனார் தி. த. கனகசுந்தரம்பிள்ளை, பழந்தமிழ் நூல்களின் ஆராய்ச்சியிலும் பதிப்பிலும் ஈடுபட்ட பேரறிஞர். ஏடுகளில் கிடந்த தமிழ் அச்சேறிக் கொண்டிருந்த காலம் அது. நல்லூர் ஆறுமுக நாவலரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் காட்டிய வழியில், ஈழத்தவர் பலர் சென்னையைத் தம் தமிழ்ப்பணியின் களமாக்கிக் கொண்டிருந்தனர். திருகோணமலைச் சகோதரர்கள் இருவரும் அவ்வழியே சென்றவர்கள்.

சென்னையில் உயர்கல்வி பெற்ற இளையவர், அங்கு மாநிலக் கல்லூரியில் அமைந்திருந்த கீழைத்தேயச் சுவடி நிலையத்தில் நூலகராகப் பணிபுரிந்தார். கர்னல் மக்கன்சி தென்னிந்தியாவெங்கும் திரட்டிய ஊர் வரலாறுகளும், அரச வமிசாவளிகளும் பெருந்தொகையாகப் பேணப்பட்ட இடம் அது. பழஞ்சுவடிகளின் நடுவே நாளைக் கழித்த ஒருவரின் கற்பனை, நாயக்கர் காலத்தை நோக்கிச் சென்றதில் வியப்பில்லை.

வரலாறு கேளாத கேள்வி

திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆட்சி புரிந்த மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதர், தஞ்சை மன்னர் விசயராகவ நாயக்கரின் மகளை மணக்கக் கேட்டார். தஞ்சை மறுத்தது. அம்மறுப்பு 1673 இல் போராக முடிந்தது. விசயராகவரும் அவர் மைந்தரும் களத்தில் மாண்டனர். பகைவர் கையில் சிக்கலாகாது என்று அந்தப்புரத்துப் பெண்கள் வெடிமருந்துக்கு இரையாக்கப்பட்டனர் என்கிறது வரலாறு. சில ஆண்டுகளிலேயே தஞ்சை, நாயக்கர் கையைவிட்டு மராட்டியர் வசமாயிற்று.

இந்நிகழ்வுகளில் பெண்ணைக் கேட்டவர் ஒரு மன்னர். மறுத்தவர் இன்னொரு மன்னர். அப்பெண்ணின் விருப்பம் யாது என எவரும் வினவியதாகத் தெரியவில்லை. சரவணமுத்துப்பிள்ளையின் நாவல் இந்த வெற்றிடத்தில்தான் தன் கதையை அமைக்கின்றது. தஞ்சை அரசகுமாரி மோகனாங்கி என்னும் பெயருடன் அதில் நடமாடுகின்றாள். சொக்கநாதர்மீது அவள் கொள்ளும் காதலே கதையின் உயிராகின்றது. நூலின் தலைப்பில் நிற்பதும் மன்னரின் பெயரன்று, அவளுடைய பெயரே.

இது தற்செயலாக நேர்ந்ததன்று என்பதற்கு அவரது மற்றொரு படைப்பு சான்றாகும். 1892 இல் அவர் 'தத்தை விடு தூது' என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். தூது என்பது பழைய சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. தலைவனிடமோ தெய்வத்திடமோ காதல்வயப்பட்டவர் கிளியையும் மேகத்தையும் தூது விடுவது அதன் மரபு. அப்பழைய பாத்திரத்தில் அவர் புதிய பொருளைப் பெய்தார். பெண்ணை வீட்டுக்குள் அடைத்து வைப்பதையும், அவள் மனம் அறியாது மணம் முடிப்பதையும் அந்நூல் கண்டித்தது. இவ்விரு நூல்களையும் சேர்த்து வாசிக்கும்போது, மணவாழ்வைத் தேர்வதில் பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்ற ஒரே சிந்தனை செய்யுளிலும் உரைநடையிலுமாக இரண்டு முறை வெளிப்பட்டமை புலனாகும். பாரதியாரின் பெண் விடுதலைப் பாடல்கள் இன்னும் பிறவாத காலம் அது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பெயர் மாறிய நூல்

சரவணமுத்துப்பிள்ளை 1902 இல் காலமானார். முப்பத்தேழாண்டு வாழ்வே அவருக்கு வாய்த்தது. 1919 இல் 'மோகனாங்கி'யின் சுருக்கம் 'சொக்கநாதன்' என்ற பெயரில் மாணவர்க்குரிய நூலாக வெளிவந்தது. அரசகுமாரியின் பெயர் அட்டையிலிருந்து நீங்கி, மன்னரின் பெயர் அவ்விடத்தில் ஏறியது. பாடசாலைத் தேவைக்காகச் செய்யப்பட்ட மாற்றமாயினும், ஆசிரியரின் நோக்கத்தை எண்ணும்போது இது சற்று மனத்தை உறுத்தவே செய்கின்றது.

சொந்த மண்ணுக்குத் திரும்பிய நாவல்

முதல் மூன்று நாவல்களுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. அசன்பேயின் கதை எகிப்தையும் இந்தியாவையும் களமாகக் கொண்டது. 'ஊசோன் பாலந்தை' ஐரோப்பியக் கதையொன்றின் வழிவந்தது. 'மோகனாங்கி' காவிரிக்கரையில் நிகழ்வது. இந்நாட்டின் கடலும் வயலும் அவற்றில் இடம்பெறவில்லை. நாவல் புதிதாக வந்த காலத்தில், கதை என்பது தொலைவில் நிகழ்வது என்ற எண்ணம் எழுதுவோரிடம் இருந்திருத்தல் இயல்பே.

அக்குறை பின்னர் இதே மாவட்டத்திலேயே தீர்ந்தது. 1925 இல் மூதூரில் பிறந்த வ. அ. இராசரத்தினம், 'கொழுகொம்பு' முதலிய நாவல்களால் தம் ஊரையும் அதன் மாந்தரையும் இலக்கியத்துள் கொணர்ந்தார். அவருடைய 'தோணி' சிறுகதைத் தொகுதி 1962 ஆம் ஆண்டுக்கான சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 2001 இல் மறையும்வரை அவர் எழுதியவற்றில், தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் கொட்டியாரப் பிரதேசத்தின் மணம் வீசுவதைக் காணலாம். துறைமுகத்தின் ஒரு கரையில் பிறந்தவர் நாவலுக்கு வரலாற்றைத் தந்தார். மறுகரையில் பிறந்தவர் அதற்கு மண்ணைத் தந்தார்.

நாம் செய்ய வேண்டியது

'முதல்' என்னும் அடைமொழி ஒரு நூலுக்குப் புகழைத் தரும், வாசகரைத் தருவதில்லை. 'மோகனாங்கி' எந்த ஆண்டு வெளிவந்தது என்று கூறவல்ல மாணவர் பலருளர். அதன் ஒரு பக்கத்தையேனும் படித்தவர் எத்தனை பேர் என்பது ஐயமே. 'அசன்பேயுடைய கதை'யின் நிலையும் பெரிதும் வேறன்று. திருகோணமலை மாவட்டத்தின் தமிழ்ப் பாடசாலைகளிலும் முஸ்லிம் பாடசாலைகளிலும் இவ்விரு நூல்களும் ஒருசேர வாசிக்கப்படுமாயின், ஒரே மொழியில் தம் முன்னோர் எவ்வாறு ஒரே காலத்தில் கதை சொல்லத் தொடங்கினர் என்பதை இளந்தலைமுறை உணரும். நூலகங்கள் அவற்றின் முழுமையான பிரதிகளை வைத்திருப்பதும், ஆசிரியர்கள் ஓர் அத்தியாயத்தையேனும் வகுப்பறையில் வாசித்துக் காட்டுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் இளமையிலேயே மறைந்த அந்த நூலகருக்கு, அவர் எழுதியதை வாசிப்பதைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.