வீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன் வக்கீலைப் பாருங்கள்

துவரம்பருப்பு ஒரு மூட்டை வாங்கினாலும், குத்தூசி போட்டு நாலு பருப்பைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. ஆனால் வாழ்நாளில் ஒருமுறை வீடு வாங்கும்போது, தரகர் வார்த்தையையும் விற்பவர் காட்டும் நகலையும் நம்பி, கடை முதலை எடுத்து முன்பணம் கொடுத்துவிடுகிறோம். இது எந்த ஊரிலும் ஆபத்துத்தான். கொத்தமங்கலம் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் ஆபத்து இன்னும் அதிகம். அதற்கான காரணத்தையும், அதிலிருந்து தப்பும் வழியையும் நம் வணிகப் பெருமக்கள் அறிந்திருப்பது அவசியம்.

ஒரு வீடு, பல பங்கு

இப்பகுதியிலுள்ள பெரிய வீடுகள் பெரும்பாலும் பாட்டனார், பூட்டனார் காலத்தில் கட்டியவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் வீட்டில், வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிவாரியாகப் பிரித்து விடப்பட்டிருக்கும். அறை தனி; முகப்பும் வளவும் கிணறும் பொது. இரண்டு மூன்று தலைமுறை கடந்தபின் பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். சாவி ஒருவர் கையில் இருக்கும்; உரிமை பலர் கையில் இருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். எட்டுப் பங்குள்ள வீட்டில் ஒருவர் தம் பங்கை மலிவாக விற்க முன்வருகிறார். கடைக்குப் பின்புறம் கிட்டங்கிக்கு ஆகும் என்று ஒரு மளிகை வியாபாரி அதைக் கிரயம் செய்துகொள்கிறார். பத்திரமும் பதிவாகிவிட்டது. மறுநாள் மூட்டையை இறக்கப் போனால் மற்ற பங்காளிகள் தடுக்கிறார்கள். சட்டம் யார் பக்கம்?

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 44ஆம் பிரிவுப்படி, பிரிவினையாகாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், மற்றவர்களோடு சேர்ந்து அனுபவிக்க உரிமை கோர முடியாது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். அப்படிப் போட்டால், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவுப்படி, அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாங்களே எடுத்துக்கொள்வதாகக் குடும்பத்தார் கேட்கலாம். ஆக, பணம் கொடுத்தும் கிட்டங்கி இல்லை; தீபாவளிச் சரக்குக்கு வைத்த முதலும் வழக்கில் முடங்கும். முன்பணம் கொடுக்குமுன் ஒரு வக்கீலைக் கேட்டிருந்தால் அரை மணியில் இதைச் சொல்லியிருப்பார்.

யாரிடம் கேட்பது?

பத்திர எழுத்தர் பத்திரம் எழுதித் தருபவர். உரிமை சரியா என்று ஆராய்ந்து சொல்வது அவர் வேலை அல்ல. தரகருக்கு வியாபாரம் முடிந்தால்தான் கமிஷன். விற்பவரின் வக்கீல் விற்பவருக்காகப் பேசுபவர். எனவே நமக்கென்று தனியாக, சொத்து வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வக்கீலை அமர்த்தி, கட்டணத்தை முன்கூட்டியே பேசி, கருத்துரையை எழுத்தில் வாங்க வேண்டும். நிலத்தை அளக்க சர்வேயர், பழைய கட்டடமானால் மரத்தையும் சுவரையும் பார்க்க ஒரு பொறியாளர், வரிக்கு நம் ஆடிட்டர் ஆகியோரையும் கலந்துகொள்வது நல்லது.

வக்கீல் எதைப் பார்ப்பார்?

மூலப்பத்திரம் முதல் இன்றுவரை உரிமை சங்கிலிபோல் தொடர்ந்து வருகிறதா என்று பார்ப்பார். வில்லங்கச் சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதியாத உயிலும், அசல் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு பதிவில்லாமல் கொடுத்த கடனும் அதில் தெரியாது. பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது.

அடுத்து வாரிசுகள். கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண் மக்களுக்குப் பிறப்பால் பங்கு உண்டு. திருமணமாகாத பெண்களுக்கு 1989இல் தமிழகத் திருத்தம் அதைத் தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் எல்லாப் பெண்களுக்கும் விரிவாக்கியது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டிக்கொடுத்த அக்கா தங்கையின் கையெழுத்து வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

வெளிநாட்டுப் பங்காளி அனுப்பிய பவர் பத்திரம் முறையாகச் சான்றொப்பம் பெற்றதா, இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் வக்கீல் பார்ப்பார். பவர் பத்திரத்தால் மட்டும் சொத்து கைமாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பணம் கொடுக்கும் விதம்

ரொக்கத்தில் பழகியவர்கள் நாம். ஆனால் 2015 ஜூன் முதல், சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். விலை 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ஆனால் 1 விழுக்காடு வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியது வீடு வாங்குபவர் கடமை. விற்பவர் வெளிநாட்டுவாசியானால் இந்த 50 லட்ச வரம்பு பொருந்தாது. பிடித்த விகிதமும் கூடுதல். பிடிக்கத் தவறினால் பொறுப்பு நம் தலையில் விழும். ஆடிட்டரைக் கேட்க வேண்டியது இதற்காகத்தான்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

வாங்க ஆள் வந்தபின் பங்காளிகளைத் தேடி ஓடினால் விலை இறங்கும். முதலில் எல்லோரும் கூடி, பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்துகொண்டால், பிறகு நல்ல விலைக்கு நிமிர்ந்து நின்று விற்கலாம். சேர்ந்து விற்பதானால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டுமா என்று வக்கீலிடம் கேட்டு அறிய வேண்டும்.

வக்கீல் கட்டணத்தை வீண் செலவாக எண்ண வேண்டாம். அது குத்தூசிக்குக் கொடுக்கும் விலை. மூட்டையில் வண்டு இருப்பது பணம் கொடுக்குமுன் தெரிந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம். கொடுத்தபின் தெரிந்தால் நட்டம் நம்முடையதே.