எச்.ஐ.வி. தொற்றுள்ள இளங்குழந்தைகளின் பேச்சு, மொழி வளர்ச்சி

எச்.ஐ.வி. தொற்றுள்ள இளங்குழந்தைகளின் பேச்சு, மொழி வளர்ச்சி என்பது, தாயிடமிருந்து தொற்றைப் பெற்ற குழந்தைகள் கேட்டல், புரிந்துகொள்ளல், பேசுதல், சைகையால் உணர்த்துதல் ஆகிய திறன்களை அடையும் முறையையும் அதில் ஏற்படும் தாமதத்தையும் குறிக்கும். மருந்து கிடைத்தது, குழந்தை பிழைத்தது என்பதோடு குடும்பத்தின் கவனம் நின்றுவிடுவதுண்டு. அதனால் இத்தாமதம் பல வேளைகளில் பள்ளியில் சேரும்போதுதான் கண்ணில் படுகிறது.

பின்னணி

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் தமிழ்நாட்டில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இதை வெளிக்கொணர்ந்தனர். 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்று. குழந்தைகளுக்கென அளவிடப்பட்ட மருந்து 2006 நவம்பர் இறுதியில்தான் தேசிய அளவில் அறிமுகமானது. அதுவரை பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

சிகிச்சை ஏதுமின்றித் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. முறையான சிகிச்சையால் இதை 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவரலாம்.

தாமதத்தின் காரணங்கள்

முதற்காரணம் மூளை. தொற்றுற்ற வெள்ளணுக்கள் வழியாகத் தீநுண்மம் மூளைக்குள் மிக விரைவில் நுழைந்து அழற்சியை உண்டாக்குகிறது. வளர்ந்தவரின் மூளையைவிட, வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் கைக்குழந்தையின் மூளையை இது கடுமையாகப் பாதிக்கும். பொதுவாகச் சொன்னதைப் புரிந்துகொள்ளும் திறனைவிடத் தானாகப் பேசும் திறனே அதிகம் பின்தங்குகிறது. "பந்தை எடு" என்றால் எடுக்கும்; "பந்து" என்று சொல்ல வராது.

இரண்டாவது காது. நோயெதிர்ப்பு குறைந்த குழந்தைக்கு நடுக்காதில் சீழ் பிடிப்பது அடிக்கடி நேரும். செவிப்பறையின் பின்னே நீர் தேங்கினால் ஒலிகள் மங்கலாகக் கேட்கும். நான் முதல் வகுப்பு எடுத்த காலத்தில், கூப்பிட்டால் திரும்பாத குழந்தையைக் "கூச்ச சுபாவம்" என்று எழுதி முடித்திருக்கிறோம். காதைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. காசநோய்க்காக முன்பு பரவலாகப் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கேட்கும் திறனைக் குறைக்கக்கூடியது.

மூன்றாவது காரணம் வீட்டின் மௌனம். பெற்றோர் இருவரும் நோயுற்றிருக்கலாம், ஒருவர் இறந்திருக்கலாம், குழந்தை பாட்டியிடம் வளரலாம். அக்கம்பக்கத்தார் அறிந்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் குழந்தையை வெளியே விடாமல் வைத்திருப்பார்கள். பேச ஆளில்லாத வீட்டில் பேச்சு எப்படி வளரும்? தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்டைன் ஆய்வில், தாய்க்குத் தொற்று இருந்து தான் தொற்றுறாத குழந்தைகளிடமும் இரண்டு வயதில் மொழித் தாமதம் கூடுதலாகக் காணப்பட்டது.

நீலகிரியில்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் தமிழோடு படுகு, தோடா, கோத்தா, இருளம், குறும்ப மொழிகள், மலையாளம், கன்னடம் எல்லாம் புழங்குகின்றன. வீட்டில் ஒரு மொழி, தேயிலைத் தோட்டப் பிள்ளை மடுவத்தில் இன்னொன்று என்று வளரும் குழந்தை தமிழில் தயங்குவது நோயின் அறிகுறி ஆகாது. வீட்டு மொழியிலும் சொற்கள் இல்லையென்றால்தான் அது தாமதம். ஆகவே அங்கன்வாடிப் பணியாளர் முதலில் தாயிடம் கேட்க வேண்டியது, "வீட்டில் என்ன மொழியில், எத்தனை சொல் சொல்கிறான்?" என்பதே.

தொலைவும் ஒரு தடை. கூடலூரிலிருந்து உதகைக்குச் சுமார் 50 கி.மீ. மலைப்பாதை. கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒரு மருத்துவமனைப் பயணம் ஒரு நாள் கூலி.

கவனிக்க வேண்டியவை

ஆறாம் மாதத்தையொட்டி "பா பா", "மா மா" போன்ற மழலை ஒலிகள், ஓராண்டை ஒட்டி ஒரு சொல், இரண்டு வயதில் "அம்மா வா" போன்ற இருசொல் தொடர், மூன்று வயதில் அயலாருக்கும் பெரும்பாலும் புரியும் பேச்சு என்பது பொதுவான வரிசை. சில மாதங்கள் முன்பின்னாக இருக்கலாம். பேசிக்கொண்டிருந்த குழந்தை சொற்களை இழந்தால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. மூளை பாதிப்பு முற்றுவதன் அடையாளமாக இருக்கலாம்.

தொற்றுள்ள தாயின் குழந்தைக்கு ஆறாவது வாரத்திலேயே, குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டு பரிசோதனை செய்யப்படுகிறது. தொற்று உறுதியானால் உடனே சிகிச்சை. தென்னாப்பிரிக்காவில் 2008-இல் வெளியான ஆய்வில், காத்திருக்காமல் முதல் மாதங்களிலேயே மருந்து தொடங்கியது இறப்பை 76 விழுக்காடு குறைத்தது. அக்குழந்தைகளில் ஒரு பகுதியினரைப் பின்னர் சோதித்தபோது, ஒட்டுமொத்த வளர்ச்சியும் மேலாக இருந்தது.

மருந்தோடு பேச்சும் வேண்டும். நிலாக்காட்டிச் சோறூட்டுவது, தாலாட்டு, கை தட்டி விளையாடுவது, குளிப்பாட்டும்போது உறுப்புகளின் பெயர் சொல்வது ஆகியவை செலவில்லாத பயிற்சிகள். மடியில் வைத்துக் கொஞ்சுவதாலோ ஒரே தட்டில் உண்பதாலோ எச்.ஐ.வி. பரவாது. கேட்டல் சோதனையும் பேச்சுப் பயிற்சியும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசம்.

இரகசியமும் பள்ளியும்

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கல்வி நிலையங்களில் பாகுபாடு காட்டுவதையும், சேர்க்கைக்குப் பரிசோதனையை நிபந்தனையாக்குவதையும் அது தடை செய்கிறது. ஆசிரியருக்குக் குழந்தையின் நோய் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. பரிந்துரைத் தாளில் "வயதுக்கேற்ற பேச்சு இல்லை, காதைச் சோதிக்கவும்" என்று எழுதினால் போதும்; மற்றதை மருத்துவரிடம் சொல்வது தாயின் விருப்பம்.