முன்கையில் படரும் ஊதாத் திட்டுகள்

முதுமை என்றதும் முகச்சுருக்கமே பேசப்பட்டாலும், தோலுக்குள் நிகழும் தேய்மானத்தை முன்கைதான் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. எங்கும் இடித்துக்கொண்டதாக நினைவில்லாத முதியவரின் முன்கையில் அடர்ஊதாத் திட்டு ஒன்று தோன்றி, ஓரிரு வாரங்களில் மங்கி, கசிந்த இரத்தத்தின் இரும்பு படிந்த பழுப்புக் கறையை விட்டுச்செல்லும். 1818ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் பேட்மன் இத்திட்டுகளை விவரித்துவிட்டார். இன்றைக்கும் வீட்டார் இரத்தத்தில்தான் கோளாறு என்று அஞ்சுகின்றனர்.

உட்தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தை உருவாக்கும் நாரிழைச் செல்கள் வயது ஏறஏறச் சோர்ந்து, அவற்றுள் சில பிரிவதை நிறுத்திய பின்னும் மடியாமல் தங்கி, இருக்கும் கொலாஜனையும் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. பெரியவர்களின் தோலில் கொலாஜன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைவதாகக் கணக்கிடப்படுகிறது. இதனால் நுண்ணிய இரத்த நாளங்கள் தம்மைச் சூழ்ந்திருந்த மெத்தையை இழக்க, சட்டைக் கையை இழுத்துவிடும் உராய்வே அவற்றைக் கிழிக்கப் போதுமானதாகிறது. இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்போருக்குத் திட்டு இன்னும் பெரிதாகும். 

பரம்பரைக்கும் இதில் பங்குண்டு என்போர் உள்ளனர். ஆயினும் ஒரே உடலில் வெயில் படாத உள்மேற்கை வழவழப்பாகவும் முன்கை காகிதம்போல் மெலிந்தும் இருப்பதற்குப் பரம்பரை மட்டும் விடை சொல்லாது; வெயிலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கவலைக்குரியது, வெயிலும் வயதும் பல பத்தாண்டுகளில் செய்வதைச் சில மாதங்களில் செய்துவிடும் ஸ்டீராய்டு களிம்பாகும். அழற்சியைத் தணிக்கும் இம்மருந்து, அளவோடும் மேற்பார்வையோடும் பயன்பட்டால் அருமருந்துதான். சிவப்பழகு வேண்டி இருபது வயதில் நாள்தோறும் முகத்தில் பூசும்போதோ, அதே நாரிழைச் செல்களை முடக்கி, தோலை மெலியவைத்து, விரிந்த நாளங்களைக் கன்னத்தில் செந்நூல்களாகத் தெரியச்செய்கிறது. நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பொங்குவதால், பூசியவர் மீண்டும் அதே குழாயையே நாடுகிறார். 2018இல் இந்தியாவில் இத்தகைய களிம்புகள் பல மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்க்கப்பட்டன. என்றாலும், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எழுதிக்கொடுத்த களிம்பின் பெயரைச் சொல்லிக் கேட்கும் வழக்கமும், கேட்டதை எடுத்துக்கொடுக்கும் வழக்கமும் ஒழிந்தபாடில்லை.