நாவலாசிரியர் ஜார்ஜ் ஸிமெனோன்

விரைந்தெழுதுவோர் நன்கெழுதார் என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. பிரெஞ்சு மொழியில் ஏறத்தாழ 400 நாவல்களை இயற்றிய ஜார்ஜ் ஸிமெனோனின் வரலாற்றை ஆராயுங்கால், அக்கருத்தை நாம் மீளவும் எண்ணிப் பார்க்க வேண்டியதாகின்றது.

இவர் பெல்ஜிய தேசத்து லியேஜ் நகரில் 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிறந்தார். தந்தையார் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகக் குமாஸ்தா. தாயார் வீட்டறைகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்துக்கு உதவினார். தந்தையார் நோயுற்றமையின் 1918-ல் மகனுடைய பள்ளிப் படிப்பு நின்றது. பதினாறு வயது நிரம்புமுன்னரே உள்ளூர்ப் பத்திரிகையொன்றில் நிருபராயமர்ந்த அவர், 1922-ன் இறுதியிற் பாரிஸ் மாநகர் சேர்ந்தார்.

அங்கே ‘லெ மத்தேன்’ பத்திரிகையின் கதைப் பகுதியை மேற்பார்த்தவர் கொலெத் அம்மையார். தாமே சிறந்த நாவலாசிரியர். இளைஞர் கொணர்ந்த கதைகளைத் திருப்பித் தந்து, இவற்றில் இலக்கியம் மிகுந்துள்ளது, அதனை அகற்றுக என்றனராம். செய்யுட் சொற்களை உரைநடையிற் செருகி மகிழும் மாணவராகிய நமக்கு இவ்வறிவுரை சற்றே உறுத்தும்! ஸிமெனோனோ அதனைத் தலைமேற் கொண்டார். அலங்காரச் சொற்களைக் களைதலே அவர்க்குத் திருத்தமாயிற்று.

புனைபெயர்கள் பலவற்றில் மலிவுக் கதைகளை எழுதிக் கைபழகியபின், 1931-ல் மெக்ரே என்னும் போலீஸ் அதிகாரியைத் தம் பெயரால் வெளிப்படுத்தினார். 75 நாவல்களில் வரும் இவ்வதிகாரி, ஷெர்லக் ஹோம்ஸைப்போல் நுண்ணிய தடயங்களால் நம்மை வியப்பிலாழ்த்துபவரல்லர். குற்றம் நிகழ்ந்த தெருவிற் சென்று, சுங்கான் புகைத்து, அங்குள்ளார் வாழ்விற் றோய்ந்து, இம்மனிதன் ஏன் இது செய்தான் என்றே வினவுவார். மெக்ரே வாராத நாவல்களையே மேலாகக் கொள்வாருமுளர். நாம் மெக்ரேயை விட மனமில்லேம்.

நாவலொன்று தொடங்குமுன் ஓர் அஞ்சலுறையின்மேற் கதைமாந்தரின் பெயர், வயது, குடும்ப வரலாறு முதலியவற்றைக் குறித்துக்கொள்வார். பெயர்களைத் தொலைபேசிப் புத்தகத்தினின்றும் தேர்வார். பின்னர் நாளொன்றுக்கோர் அத்தியாயமாகப் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் முடித்துவிடுவார். அந்நாட்களில் எவரையுங் காணார். நோயால் இடையிற் றடைப்படின் எழுதியதனைத்தையும் எறிந்துவிடுவார். கதைமாந்தனது உள்ளத்துட் புகுந்து அதற்குமேற் றங்கத் தம்மால் இயலாதென்பதே அவர் கூறிய காரணம். வேகமென நாம் கருதியது அவர்தம் தாங்குமெல்லையே போலும்.

1972-ல் ஸ்விட்ஜர்லாந்தில் வசித்தபோது, புதிய நாவலுக்கென உறையில் எழுதத் தொடங்கியவர் மேற்செல்ல இயலாது நின்றார். 1989-ல் லோஸான் நகரிற் காலமாகும்வரை நாவலெதுவும் எழுதவில்லை. நினைவுகளை மட்டும் வாய்மொழியாகச் சொல்லிப் பதிந்தார். 1974-ல், நான்காண்டுகட்குமுன் இறந்த தாயார்க்குக் கடிதமாக ஒரு சிறு நூல் வெளியிட்டார். எத்தனையோ கதைமாந்தரின் உள்ளம் புகுந்தவர், அன்னையின் மரணப் படுக்கையருகே ஒரு வாரம் அமர்ந்தும் அவரை அறியமுயன்று கொண்டேயிருந்ததை அதிற் காண்கின்றோம். மகன் அனுப்பிய பணத்தை அவ்வன்னை செலவிடாது சேர்த்து, அவர் கையிலேயே திருப்பியளித்திருந்தார்.