ஆழ்துளைக் கிணற்றுக்கு ஏன் ஜாதகம் வேண்டும்?

திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுநீர் சென்ற கோடையில் உப்புக் கரிக்கத் தொடங்கியது. தேநீர் திரிந்தது, சோப்பு நுரைக்க மறுத்தது. புதிதாகத் துளையிட வந்தவர் முதலில் கேட்டது, பழைய துளையில் எத்தனை அடியில் களிமண், எத்தனை அடியில் மணல் வந்தது என்பதைத்தான். எங்களிடம் பணம் கொடுத்த ரசீதுகூட இல்லை.

காவிரிப் படுகையின் கடைக்கோடி ஊர் இது. மணலும் களிமண்ணும் மாறி மாறிப் படிந்த வண்டல் நிலம். ஓர் அடுக்கில் நன்னீர் இருந்தால், அதற்கு மேலேயோ கீழேயோ உவர்நீர் இருக்கக்கூடும். ஃபில்டர் குழாயை நன்னீர் மணலுக்கு நேராக நிறுத்தி, உவர்நீர் அடுக்கைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைத்துவிட வேண்டும். எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இதைச் செய்ய முடியாது. அதை எழுதிவைப்பதுதான் துளைப் பதிவு.

பக்கத்து நரிமணத்து எண்ணெய்க் கிணறுகளை இப்படிப் பதிவு இல்லாமல் தோண்டுவதைக் கற்பனை செய்யவே முடியாது. 1927-ல் பிரான்சின் பெஷல்பிரோன் எண்ணெய் வயலில் ஸ்லும்பர்ஜே சகோதரர்களின் நிறுவனம் முதல் மின் பதிவை எடுத்தது. காரைக்காலும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது; எண்ணெய்க்குக் கிடைத்த மரியாதை குடிநீருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மின் பதிவில் நன்னீர் மணல் அதிக மின்தடையைக் காட்டும்; உவர்நீர் மணல் குறைவாகக் காட்டும். சிக்கல் என்னவென்றால், களிமண்ணும் குறைவாகவே காட்டும். களிமண்ணில் பொதுவாக இயற்கைக் கதிரியக்கம் கூடுதல் என்பதால், காமா பதிவு இரண்டையும் பிரித்துக் காட்ட உதவும். மேலே வந்த மண் மாதிரியோடு இவ்விரு கோடுகளையும் ஒரே ஆழ அளவுகோலில் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

ஸ்ட்ரேட்டர், லாக்பிளாட் போன்ற மென்பொருள்கள் செய்வது இதைத்தான். ஆழத்தையும் மண் வகையையும் அட்டவணையாகக் கொடுத்தால், மணலுக்குப் புள்ளி, களிமண்ணுக்குக் கோடு என்று நெடும்பத்தி வரைகின்றன. பக்கத்தில் மின்தடை, காமா கோடுகள், ஃபில்டர் குழாய் நிற்கும் இடம். கனடாவின் கிணற்றுப் பதிவுச் சங்கம் வகுத்த எல்ஏஎஸ் என்ற எளிய எழுத்துக் கோப்பில் அளவீடுகளைச் சேமித்தால், வேறு மென்பொருளிலும் அவற்றைத் திறக்கலாம். நாலு தெருக் கிணறுகளின் பதிவுகளை வரிசையாக வைத்தால், உவர்நீர் அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்றுகூட ஊகிக்கலாம்.

ஆனால், தவறான தகவலையும் இவை அதே அழகோடு வரைந்துவிடும். துளை ஆழமாக ஆக, வெட்டிய மண் சேற்றுநீரோடு மேலே வந்துசேர நேரமாகும். இப்போது கையில் விழும் மணல் சில அடிகளுக்கு மேலே வெட்டப்பட்டதாக இருக்கலாம். மென்களிமண் பெரும்பகுதி நீரிலேயே கரைந்துபோகும். இதைக் கணக்கில் கொள்ள வேண்டியவர் துளையருகே நிற்கும் மனிதர். புதுச்சேரியில் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2002-லேயே சட்டம் இயற்றப்பட்டது. துளையிட அனுமதி தரும்போதே, முடிந்ததும் பதிவை ஒப்படைக்க வேண்டும் என்று கண்டிப்புக் காட்டினால் என்ன?

இம்முறை நான் நோட்டுடன் துளையருகே உட்கார்ந்தேன். ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் ஒரு பிடி மண் எடுத்துச் சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பினோம். இரவில் மகன் அதைக் கணினியில் ஏற்றினான். நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் இறங்கிய ஒரு குழாய்க்கு மட்டும் மாதிரி இல்லை. மேலும் கீழும் மணல்தானே, நடுவிலும் மணல் என்றே போட்டுவிடலாமா என்று கேட்டான். அந்த இடத்தை வெற்றாகவே விடச் சொன்னேன்.