அச்சுப்பிழையும் மக்கள் வழக்கும்

பத்திரிகைகளிற் காணும் அச்சுப்பிழைகளை அச்சுக்கோப்பாளரின் அசட்டையெனக் கொண்டு நகையாடுதல் எளிது. ஆயின், பிழையும் அது தோன்றிய உற்பத்தி முறையின் விளைவேயாகும்.

1841இல் யாழ்ப்பாணத்தில் உதயதாரகை தோன்றியது முதல் ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகள் நெடுங்காலம் கையாற் கோத்த ஈய எழுத்துக்களாலேயே அச்சாகின. அச்சேறியபின் எழுத்துக்களைப் பிரித்து உரிய அறைகளில் மீள இடுதல் வேண்டும். 'லி' இருக்கவேண்டிய அறையில் 'வி' வீழ்ந்தால், அடுத்த இதழில் 'கூலி' 'கூவி'யாகும். இஃது உருவ மயக்கம். குறித்த நேரத்துள் பக்கத்தை முடிக்க உழைத்தோரின் களைப்பும் இதிற் பதிந்துள்ளது.

இவ்வுண்மை இலக்கிய ஆய்வுக்கு இன்றியமையாதது. ஈழத்து நவீன இலக்கியத்திற் கணிசமான பகுதி முதலிற் பத்திரிகைகளிலேயே வெளிவந்தது. 1960களின் மரபுப் போராட்டத்தில் மக்களின் பேச்சுமொழி 'இழிசனர் வழக்கு' எனப் பழிக்கப்பட்டமையை நாம் அறிவோம். யாழ்ப்பாணக் கிராமத்து 'வாறன்' என்பதை இன்றைய பதிப்பாசிரியர் பிழையென எண்ணி 'வருகிறேன்' எனத் திருத்துவாராயின், அப்பழிப்பே வேறு வழியில் வெற்றிபெறும். எழுத்தின் உருவத்தால் விளங்குவது பெரும்பாலும் அச்சுப்பிழை. பேச்சின் ஒலியால் விளங்குவது பெரும்பாலும் படைப்பாளியின் சொல்.

கணினி இவ்வளவுகோலைச் சிக்கலாக்கியுள்ளது. மறுபதிப்புக்காக ஒலிபெயர்ப்பு விசைமுறையில் தட்டெழுதும்போது 'ல', 'ள', 'ழ' மயங்குவதால், வழுவும் வழக்குப் போலத் தோன்றும். 'பளம்' என்பது பாத்திரத்தின் பேச்சோ, விசையின் தவறோ? மறுபதிப்பு இதற்கு விடை தராது. மூலப் பத்திரிகைப் பக்கத்துடன் ஒப்புநோக்குதலே உழைக்கும் மக்களின் மொழிக்கு ஆய்வாளர் ஆற்றவேண்டிய முதற் கடமையாகும்.