கையெழுத்துப் போட மட்டும்தானா பெற்றோர்?

மலாக்காவில் குருபோங் போன்ற இடங்களில் தோட்டங்கள் போய்த் தாமான்கள் வந்துவிட்டன. ஆனால் தோட்டக் காலத்துப் பழக்கம் ஒன்று தமிழ்ப்பள்ளிகளைவிட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. 1923-இல் வந்த தொழிலாளர் சட்டங்கள் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்தன. பள்ளியில் நிர்வாகி சொன்னதே முடிவு. பெற்றோரை யாரும் கேட்டதில்லை. இன்றும் கூரை ஒழுகினால் நன்கொடைக்கும் கோத்தோங்-ரோயோங்குக்கும் பெற்றோரை அழைக்கிறார்கள். பள்ளியை இடம் மாற்றுவது போன்றவற்றில் முடிவெடுக்கும் நேரத்தில் பாரத்தில் கையெழுத்து வாங்குவதோடு சரி.

சட்டம் நமக்கு எதுவுமே தரவில்லை என்று எண்ண வேண்டாம். தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்தாக வேண்டும் என்கிறது 1996 கல்விச் சட்டம். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழித் திட்டம் 2016-இல் வந்தபோது, பெற்றோரின் சம்மதம் அதன் நிபந்தனைகளுள் ஒன்றானது. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. தமிழில் விளக்காமல், பிள்ளையின் புத்தகப்பையில் வந்த பாரத்தில் போடும் கையெழுத்தும் சம்மதம் என்றே கணக்காகும். பிள்ளை எந்த மொழியில் அறிவியல் படிக்கும் என்பது அந்த ஒரு தாளில் முடிந்துவிடும்.

முறையாகக் கேட்க முடியும் என்பதற்கு 2019 சான்று. தாய்மொழிப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடத்தில் ஜாவி எழுத்தைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பெற்றோரிடம் கருத்துக் கேட்டு, பெரும்பான்மையினர் சம்மதித்தால் மட்டுமே கற்பிக்கலாம் என்று கல்வி அமைச்சு வழிகாட்டி வெளியிட்டது. பள்ளி மேலாளர் வாரியத்தை ஒதுக்கிவிட்டார்கள் என்று சீனக் கல்வி அமைப்பான டோங் சோங் குறை சொன்னது. அது நியாயமான குறை. ஆனாலும் ஒவ்வொரு வீட்டையும் கேட்கலாம் என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. மூன்று பக்க ஜாவிக்குச் செய்ததைப் பள்ளி இடமாற்றத்துக்கும் இருமொழித் திட்டத்துக்கும் ஏன் செய்யக் கூடாது?

கல்வி நிபுணர்களின் வேலையில் பெற்றோர் தலையிடலாமா என்பார்கள். எப்படிக் கற்பிப்பது என்பது ஆசிரியரின் பொறுப்பு. அதைச் சங்கம் தொடக் கூடாது. எந்த மொழியில், எந்த இடத்தில் என்பது குடும்பத்தையும் சேர்ந்த விஷயம். பெற்றோருக்கு இடம் தரும் முன்மாதிரியும் உண்டு: தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்கிறது இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம். கூட்டம் போட்டால் பெற்றோர் வருவதில்லை என்பது இன்னொரு வாதம். ஷிப்ட் வேலை செய்பவர் காலைக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? இரவில் வைத்துப் பார்க்கட்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். உங்கள் தீர்மானத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, அது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள். பதில் வராவிட்டால் மத்திய மலாக்கா மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். விளங்காத எந்தப் பாரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.